ரூபியின் ஏழாவது பாவம்

திண்டுக்கல்
19.06.2005

அன்பு மகள் ரூபிக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் என் மீசையும் சுகம். அங்கே நீயும் உன் விடுதிச் சாப்பாடும் சண்டை போடாமல் இருக்கிறீர்களா என்று உடனே எழுது.

நீ வரைந்து அனுப்பிய தாள் கட்டு வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. காது மந்தமாக வளர்ந்த ஒரு பிள்ளையின் கதை, பிள்ளைகள் படிப்பதற்கு, அதுவும் முழுக்க முழுக்கப் படமாக! இப்படி ஒரு புத்தகம் போடச் சென்னையில் பதிப்பகம் இருக்கிறது, அதற்கு வரைகிறவள் என் மகள் என்று ஸ்டேஷன் முன்பதிவுக் கவுண்டரில் வந்து நின்றவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். திருநெல்வேலிக்கு டிக்கெட் கேட்ட ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரொம்ப சந்தோசம் சார். பின்னால ஆளு நிக்குது, அந்த லோயர் பெர்த்தக் குடுத்துருங்க" என்றார். இருபது வருஷமாக வார இதழ்களில் நகைச்சுவை எழுதுகிறவனுக்கு ஊர் கொடுக்கும் மரியாதை இம்புட்டுத்தான்.

சித்தையன்கோட்டை மாமாவுக்கு ஒரு பிரதி அனுப்பலாம் என்று பொன்னுத்துரை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே ஒரு மானக்கேடு. அவர் எடுத்துக் கொடுத்த பிரதியில் படத்தில் இருப்பவர்கள் பேசுகிற பலூன்களுக்குள் பாதி எழுத்து இல்லை. "மை தீர்ந்துபோச்சுன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானய்யா?" என்று சத்தம் போட்டேன். பாவம் மனுஷன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நீ அனுப்பிய தாளை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். "சார், இது மெஷின் கோளாறு இல்ல. பாப்பா வரைஞ்சதே இப்படித்தான். அதுக்குக் கேட்டது அம்புட்டுத்தான் போலருக்கு."

ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் புரிந்தது, தாயி. பெற்றவனுக்குப் புரியவில்லை.

அம்மா பதினோராம் பக்கத்தோடு நின்றுவிட்டாள். நாலு வயதில் உனக்கு மூளைக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் உன் முதுகுக்குப் பின்னால் தட்டு விழுகிறது, நீ திரும்பவில்லை. அந்தப் பக்கம். "தட்டுல பூப்போட்டிருந்ததக்கூட வரைஞ்சிருக்கா, பாருங்க" என்றாள். அப்புறம் அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. காது மிஷின் பெட்டியை நெஞ்சில் தொங்கவிட அவள் தைத்துத் தந்த பை நீலம் இல்லையாம், ரோஸாம். திருத்திக்கொள்.

என் தரப்பில் சில ஆட்சேபணைகள். மலைக்கோட்டையைக் கவிழ்த்த இட்லி மாதிரி வரைந்திருக்கிறாய், போகட்டும், அது அப்படித்தான் இருக்கிறது. என் தொப்பையில் தாராளம் காட்டிய நீ தலைமுடியில் கருமியாகிவிட்டாய். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பக்கத்திலாவது எனக்கு வாய் இருக்கிறதா? மூக்கு, மூக்குக்குக் கீழே மீசை, மீசைக்குக் கீழே நேராகத் தாடை. ஊரில் என் வாயைப் பற்றித்தான் பேச்சு. நீ அதை மட்டும் விட்டுவிட்டாயே.

முப்பத்தொன்றாம் பக்கம் வெறும் கட்டங்களாக இருக்கிறது. அடியில் பென்சிலில் 'புதுநன்மை, 1993' என்று மட்டும். இதற்கும் பொன்னுத்துரையைத் திட்டலாமா என்று பார்த்தேன். முடியாது போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அப்பா,
கிளெமென்ட்


சென்னை
28.06.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

ரூபி எழுதுவது. நலமாக இருக்கிறேன். விடுதியில் சாம்பாரோடு மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னுத்துரை அண்ணனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பை ரோஸ்தான். மாற்றிவிட்டேன்.

உங்கள் வாயை மறந்து விடவில்லை. எல்லோர் உதட்டையும் பார்த்துப் பார்த்துப் பேச்சைப் படித்து வளர்ந்தவள் நான். அம்மா உதடு, டீச்சர் உதடு, பஸ் கண்டக்டர் உதடு, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். உங்கள் உதட்டை நான் பார்த்ததே இல்லை. மீசை மறைத்திருக்கும். பார்க்காததை எப்படி வரைவது?

முப்பத்தொன்றாம் பக்கத்துக்கு வருகிறேன்.

முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முந்தின நாள், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம். கூண்டுக்குள் சாமியார் மெதுவாகப் பேசினால் எனக்குக் கேட்காது. எனக்குக் கேட்கிற மாதிரி பேசினால் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். அதனால் என் பாவங்களைத் தாளில் எழுதி வரச் சொல்லியிருந்தார். அன்று காலை நான் எழுதி முடித்ததும் நீங்கள், "செத்த நேரம் குடு தாயி, பாத்துத் தாரேன்" என்று வாங்கினீர்கள். சாமியாரைத் தவிர யாரும் பார்க்கக் கூடாத தாள் என்று எனக்குத் தெரியும். கேட்டது நீங்கள், கொடுத்தேன்.

கூண்டில் சாமியார் அதைப் படித்துவிட்டு, அடியில் பென்சிலால் எழுதிக் காட்டினார். பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே, 'கடைசியில் இருப்பது பாவமில்லை. அதை அப்பாவிடம் சொல்லு.' நான் படித்ததும் தாளை வாங்கிச் சுக்குநூறாகக் கிழித்துவிட்டார்.

கடைசியில் நான் என்ன எழுதியிருந்தேன் என்று எனக்கு நினைவில்லை அப்பா. ஒன்பது வயசு. வெளியே வந்ததும் வெள்ளை கவுன், மெழுகுவர்த்தி, பாயசம், எல்லாம் மறந்துபோயிற்று.

அடுத்த மாதம் வார இதழில் உங்கள் கட்டுரை வந்தது. ஒரு செவிட்டுச் சிறுமி எழுதிய பாவப் பட்டியல். பிரியாணிக் கடையில் உங்கள் ஸ்டேஷன் நண்பர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினீர்கள். நான் உங்கள் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன். எல்லோரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதற்கு என்று தெரியாமலே. ஜெயமேரி வகுப்புக்கு அந்த இதழைக் கொண்டு வந்தபோதுதான் தெரிந்தது. அவளுடைய மாம்பழ வாசனை ரப்பர் எங்கே போனது என்று அவளுக்கும் அதைப் படித்துத்தான் தெரிந்தது.

அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து, மறுநாள் உங்கள் டிபன் கேரியரில் தயிர்ச்சோற்றுக்கு மேல் வைத்தேன். சாயங்காலம் கேரியர் கழுவி வந்தது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

கட்டுரையில் ஆறு பாவங்கள் இருக்கின்றன. ஆறாவது ரப்பர் திருட்டு. அதைப் பாவமில்லை என்று எந்தச் சாமியார் சொல்வார்? உங்களுக்கு நினைவிருந்தால் சொல்லுங்கள்.

இந்தப் பக்கம் இல்லாமல் புத்தகம் நிற்காது. பதிப்பாசிரியர் பானுப்ரியா அக்காவும் அதையேதான் சொல்கிறார். ஆனால் நீங்கள் சம்மதம் சொல்லாமல் வரைய மாட்டேன். கேட்காமல் அச்சில் ஏறினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு முத்தம்.

உங்கள் அன்பு மகள்,
ரூபி


திண்டுக்கல்
10.07.2005

அன்பு மகள் ரூபிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மீசையும் சுகம். மழைதான் இல்லை. குழாயில் தண்ணீர் வருகிற நாளை நம் தெருவில் பண்டிகை மாதிரி கொண்டாடுகிறோம். எதிர்வீட்டுச் சின்னக்கண்ணு பழைய சைக்கிளை விற்றுவிட்டு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறார். அதை மிதிக்கும் சத்தத்தில் தெருவே எழுந்திருக்கிறது. வண்டி மட்டும் எழுந்திருப்பதில்லை.

புத்தகத்துக்கு ஒரு யோசனை. அந்தப் பக்கத்துக்குப் பதிலாக ஆட்டுக்குட்டி கதையைப் போடேன். சித்தையன்கோட்டை மாமா வீட்டில் நீ உட்கார்ந்தபடியே தூங்க, ஆட்டுக்குட்டி வந்து மிஷின் வயரைத் தழை என்று நினைத்து மென்றதே? மாமா ஒரு மணி நேரம் ஆட்டின் வாயைப் பிளந்து தேடினாரே? பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். யார் மனமும் நோகாது.

நீ எழுதியதைப் படித்தேன். நான் என்ன செய்துவிட்டேன்? பெயரை மாற்றித்தான் போட்டேன். ஊரை மாற்றினேன். அத்தை பேசும்போது மிஷினை அணைத்து வைத்ததாக எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுத் திருச்சியிலிருந்து ஒரு வாசகர், தன் மனைவிக்காக ஒரு மிஷின் வாங்கி அணைத்து மாட்டிக்கொள்ளப் போவதாக எழுதினார். அம்புட்டுப் பேரைச் சந்தோஷப்படுத்திய பிள்ளை நீ. பிரசங்கத்தின்போது அணைத்ததைப் படித்துப் பங்குச் சாமியாரே சிரித்தாராம்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவுக்கு நான் அந்தத் தாளைப் பார்த்தது தெரியாது. நீயாகச் சொல்லி நான் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மீன்கூடத் தொடாதவள். பாவசங்கீர்த்தனத் தாளைப் படித்தவனோடு ஒரே கூரைக்குக் கீழே இருப்பாளா? இந்த வயசில் நான் ஸ்டேஷன் பெஞ்சில் படுக்கவா?

மற்றபடி, நீ கேட்டதற்குப் பதில். ஏழாவது என்று ஒன்றும் இல்லை. ஆறுதான் இருந்தது. அந்தச் சாமியாருக்கு அப்போதே வயசாகிவிட்டது, என்னத்தையோ எழுதியிருப்பார். அதையெல்லாம் மனசில் வைத்துக் குழப்பிக்கொள்ளாதே.

ஆட்டுக்குட்டியை யோசி.

அன்பு அப்பா,
கிளெமென்ட்


சென்னை
22.07.2005

அப்பாவுக்கு,

நான் ஏழாவது என்று எழுதவே இல்லை. 'கடைசியில் இருப்பது' என்றுதான் எழுதியிருந்தேன். விட்டுப்போனது ஒன்றா மூன்றா என்று எனக்குத் தெரியாது. ஏழு என்று சொன்னது நீங்கள்.

பானுப்ரியா அக்காவிடம் புத்தகத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். செப்டம்பர் கடைசிவரை காத்திருப்பார்கள். அப்புறம் அந்த இடத்தில் வேறு யாருடைய புத்தகமாவது வரும்.

பெயரை மாற்றிப் போட்டீர்கள், சரி. திண்டுக்கல்லில் நெஞ்சில் பெட்டி கட்டிய பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தோம்?

இனிமேல் நானாகக் கேட்க மாட்டேன். இதற்குப் பதில் எழுதுவதாக இருந்தால் ஜோக் வேண்டாம்.

ரூபி


திண்டுக்கல்
04.09.2005

அன்பு மகள் ரூபிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம்.

ஆறு வாரத்தில் உனக்கு ஒன்பது கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டாவது பாராவுக்குள் ஒரு வேடிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வரவழைக்கவில்லை, கை தானாக அங்கே போகிறது. இந்தக் கடிதத்தில் எங்காவது வந்திருந்தால் அடித்துவிட்டுப் படி.

ஏழு இருந்தது.

அன்று காலை உன் தாளை வாங்கியது, பிள்ளை சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். முதல் வரியிலேயே அது போய்விட்டது. 'சிறுமலை வாழைப்பழம் இரண்டைத் தின்றுவிட்டு அணில் என்று சொன்னேன்.' கட்டுரை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பையில் முன்பதிவுப் படிவம் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் அப்படியே பிரதி எடுத்தேன். ஆறு வரிவரை சிரித்துக்கொண்டே எழுதினேன். ஏழாவது வரி இது:

'அப்பா ஜோக் சொல்லும்போது எனக்குக் கேட்காது. மீசை இருப்பதால் வாயும் தெரியாது. ஆனால் கேட்ட மாதிரி சிரிப்பேன். இது பொய். சிரிக்காவிட்டால் அப்பா முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.'

அதையும் பிரதி எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வார இதழுக்கு எழுதும்போது விட்டுவிட்டேன். உனக்காக விட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. பெற்ற மகளையே சிரிக்கவைக்க முடியாதவன் என்று ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்றுதான் விட்டேன். உன்னைப் பார்த்துச் சிரிக்கும் ஆறையும் தயக்கமில்லாமல் அனுப்பினேன்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பிரியாணிக் கடையில் நான் படித்தபோது நீ சிரித்ததைப் பார்த்தேன் ரூபி. மற்றவர்கள் வாயைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் தொடங்கி ஒரு நொடி கழித்து நீ தொடங்கினாய். அந்தப் படிவம் அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. நீ எதையும் கேட்டுச் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த வரியைப் படித்தேன். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறமும் எத்தனையோ வருஷம். நீ சிரிப்பது எனக்குத் தேவையாக இருந்தது.

டிபன் கேரியரில் வந்த தாளைக் கவுண்டரில் வைத்து, எனக்கு முன்னால் ஆட்கள் நிற்கும்போது பிரித்தேன். தயிர் ஊறியிருந்தது. அதையும் வைத்திருக்கிறேன்.

போன வாரம் அம்மாவிடம் சொன்னேன்.

"புள்ள சாமிக்கு எழுதினத நீங்க படிச்சீங்களா?" என்றாள்.

"படிச்சேன், செல்வி."

"படிச்சதோட பத்திரிகைக்கு வேற அனுப்பினீங்க."

"ஆமா."

மூன்று நாள் தட்டில் சோறும் வெஞ்சனமும் இருந்தது, பேச்சு இல்லை. நாலாவது நாள் பூசைக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "அவ கேட்டதக் குடுத்துருங்க. பேர மாத்த வேணாம்னும் எழுதுங்க" என்றாள். இன்னும் நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

புதன்கிழமை மீசையை எடுத்துவிட்டேன். சலூனில் முனியப்பன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, "சார், வீட்ல எதுவும் துக்கமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மேலுதட்டில் இடது பக்கம் சின்னதாக ஒரு தழும்பு இருக்கிறது. சின்ன வயசில் விழுந்தது, நானே மறந்திருந்தேன். ஸ்டேஷன் ரோட்டில் போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். படிவமும் இருக்கிறது. பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அது உன்னுடையது.

நடந்ததை நடந்தபடி வரை. பெயர், ஊர், தொப்பை, தலைமுடி எதையும் மாற்ற வேண்டாம்.

அந்தச் சாமியார் உன்னை என்னிடம் சொல்லச் சொன்னார். நீ மறந்தது உன் குற்றமில்லை. நீ வந்து சொல்லியிருந்தாலும், எனக்குத் தெரியாதது போல்தான் கேட்டிருப்பேன்.

எனக்கு என்ன பரிகாரம் என்று நீதான் எழுத வேண்டும்.

அப்பா


சென்னை
20.09.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

ரூபி எழுதுவது. சுகமாக இருக்கிறேன்.

படிவத்தைப் பல தடவை படித்தேன். சென்னை ரயிலுக்கு யாரோ பெயர் எழுதி அடித்திருக்கிற தாளின் பின்னால், உங்கள் கையெழுத்தில் என் வரி. படித்த பிறகும் எழுதியது நினைவுக்கு வரவில்லை. சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில் சாயங்காலம் கன்னம் வலிக்கும். அது எல்லோருக்கும் வலிக்கும் என்று நினைத்திருந்தேன்.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது எட்டாவது ஆகிவிடும். அம்மா உங்களோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு எவ்வளவு நாள் ஆகுமோ, எனக்கும் ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும்.

முப்பத்தொன்றாம் பக்கம் முடிந்துவிட்டது. ஒரே பெரிய கட்டம். பிரியாணிக் கடை. எல்லோர் வாயும் திறந்திருக்கிறது, பலூன்கள் எல்லாம் காலி. நடுவில் ரோஸ் பையோடு நான் ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்கிறேன். உங்கள் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்று கொஞ்சமாக எட்டிப் பார்க்கிறது. அது என்ன என்று எங்கேயும் எழுதவில்லை. பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். பானுப்ரியா அக்கா பார்த்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினார். அப்புறம் வேறு புத்தகம் தேட வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்.

கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. அதில் உங்களுக்கு வாய் வரைந்திருக்கிறேன், தழும்போடு. நீங்கள் என்னைப் பார்த்து என்னவோ சொல்கிறீர்கள். பலூனில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. புத்தகம் ஜனவரியில்தான் அச்சுக்குப் போகிறது, அதனால் இடம் இருக்கிறது.

பரிகாரம் கேட்டீர்கள். கிறிஸ்மஸுக்கு வருகிறேன். அதுவரை மீசை வளரக் கூடாது. அதே பிரியாணிக் கடைக்குப் போவோம், அம்மாவும் வரட்டும். நண்பர்கள் வேண்டாம். முகத்தை என் பக்கம் வைத்து, வாயில் சோறு இல்லாமல், மெதுவாக எனக்கு ஒரு ஜோக் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று.

சிரிப்பு வந்தால்தான் சிரிப்பேன்.

மகள்,
ரூபி